வஞ்சகத்தால் இழந்த பொருளும் காப்பீடும்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு, மும்பையிலும் தில்லியிலும் அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குச் சேமிப்பு என்பது வெறும் பணமன்று. ஊரில் இருக்கும் முதிய பெற்றோரின் மருந்துச் செலவு அது. பெண்ணின் திருமணம் அது. என்றேனும் திரும்பிச் சென்று கட்டப்போகும் சிறு வீட்டின் அடித்தளமும் அதுவே. உற்றார் உதவிக்கு எட்டாத தொலைவில் இரவு பகல் பாராது உழைத்துச் சேர்த்த பொருள் ஆதலின், அது பறிபோனால் உண்டாகும் துயரம் பெரிது.

அப்பொருள் வஞ்சகன் ஒருவனுடைய கைக்குப் போய்விட்ட நாளில், “காப்பீடு செய்திருக்கிறோமே, கிடைத்துவிடும்” என்று ஆறுதல் கொள்வோர் பலர். சில வாரங்கள் சென்றபின், “தங்கள் கோரிக்கை பத்திரத்தின் விதிகளுக்கு உட்பட்டதன்று” என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. அதைப் படிக்கும்போது இரண்டாம் முறையும் ஏமாற்றப்பட்டதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். இந்த இரண்டாம் துயரம் ஏன் நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம், நேர்ந்தபின் யாரிடம் முறையிடுவது என்பவற்றை இங்கு நாம் ஆராய்வோம்.

முதற்கண் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிந்துகொள்ள வேண்டும். காப்பீடு ஓர் ஒப்பந்தம். நேர்ந்த இழப்புக்கெல்லாம் அது ஈடு தருவதில்லை. பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறித்த ஆபத்து நேர்ந்தால், குறித்த வரம்புக்குள், குறித்த நிபந்தனைகளின்படியே அது ஈடு தருகிறது. ஆதலின் இழப்பீடு கோரும்போது நிறுவனம் முதலில் ஆராய்வது எவ்வளவு போயிற்று என்பதை அன்று. பணம் யார் கையால் போயிற்று என்பதையே. இக்கேள்வியைச் சுற்றியே வழக்குகளிற் பெரும்பாலானவை எழுகின்றன.

பத்திரத்தின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ஒரு தீர்ப்பால் விளக்கலாம். வணிகர் ஒருவர் தம் கிடங்கிலுள்ள சரக்குக்குக் கன்னக் களவுக் காப்பீடு செய்திருந்தார். சரக்குத் திருடு போயிற்று. ஆனால் கதவை உடைத்தோ, பூட்டைப் பெயர்த்தோ திருடர் உள்ளே புகுந்ததற்கு அடையாளம் இல்லை. பத்திரமோ, வலிந்து புகுந்து செய்யும் களவையே குறித்திருந்தது. 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பத்திரத்தின் சொற்களை உள்ளபடியே கொள்ள வேண்டும் என்று கூறி, நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. வணிகர் பொருளை இழந்தது மெய். தவணை செலுத்தியதும் மெய். எனினும் அவருக்கு ஈடு கிடைக்கவில்லை. அவர் வாங்கிய காப்பு ஒன்று, அவருக்கு நேர்ந்த இழப்பு வேறொன்று.

இன்று கதவை உடைப்பார் இல்லாமலே பணம் போகிறது. புணேயில் சிற்றுண்டிக் கடை நடத்தும் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய கணக்கிலிருந்து 2 லட்சம் ரூபாய் போய்விட்டது. அது மூவகையில் போயிருக்கலாம்.

முதல் வகையில், அவர் உறங்கும்போது யாரோ அவருடைய கைப்பேசி எண்ணுக்கு மாற்று சிம் பெற்று, அவரறியாமலே பணத்தை எடுத்துவிடுகின்றனர். இரண்டாம் வகையில், வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல் வருகிறது: “ஐயா, இன்றிரவோடு தங்கள் கணக்கு முடங்கிவிடும், இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்கிறது. அவரும் அந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிடுகிறார். மூன்றாம் வகையில், வழக்கமாக அரிசியும் உளுந்தும் அனுப்பும் மொத்த வணிகரின் பெயரில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புக” என்று ஒரு செய்தி வருகிறது. அதை நம்பி அவரே தம் கையால் பணத்தை அனுப்புகிறார்.

பெரியவரின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. மூன்றிலும் அவர் ஏமாற்றப்பட்டார். காப்பீட்டுப் பத்திரத்தின் கண்ணுக்கோ மூன்றும் வெவ்வேறு. முதலாவதில் பணத்தை எடுத்தது அயலான் கை. இரண்டாவதில் எடுத்தது அயலான் கையாயினும் திறவுகோலைக் கொடுத்தவர் உரியவர். மூன்றாவதில் பணத்தை அனுப்பியதே உரியவரின் கை. ‘உரியவர் இசைவின்றி நடந்த பணமாற்றம்’ என்று மட்டும் பத்திரத்தில் எழுதியிருந்தால், முதலாவது எளிதில் அதனுள் அடங்கும், இரண்டாவது வழக்காகும், மூன்றாவது பெரும்பாலும் மறுக்கப்படும். வஞ்சித்துப் பெற்ற இசைவு இசைவாகுமா என்பதே இங்குள்ள சிக்கல்.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களும் இதனை நீதிமன்றம்வரை கொண்டு சென்றுள்ளன. அவற்றுள் இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் சிக்கலின் உருவம் நன்கு விளங்கும்.

அப்பாச்சி என்னும் எண்ணெய் நிறுவனத்துக்கு 2013-இல், பொருள் வழங்கும் மற்றொரு நிறுவனத்தின் பெயரால் ஒருவர் தொலைபேசியில் பேசினார். இனிப் புதிய வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்ப வேண்டும் என்றார். எழுத்து மூலம் கேட்டனர். போலி மின்னஞ்சலுடன் கடிதமும் வந்தது. ஊழியர் கடிதத்தில் கண்ட எண்ணுக்கே தொலைபேசி செய்து சரிபார்த்தார். மறுமுனையில் பேசியதும் அதே கூட்டம்! ஏறத்தாழ 70 லட்சம் டாலர் போயிற்று. ஒரு பகுதியே மீண்டது. எஞ்சியதைக் கணினி மோசடிக்கான காப்பீட்டின்கீழ் நிறுவனம் கோரியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. மின்னஞ்சல் இச்சூழ்ச்சியில் ஒரு சிறு பகுதியே. உண்மையான கடனுக்காக நிறுவனமே மனமறிந்து அனுப்பிய பணம் இது. ஆகவே கணினியால் நேரே விளைந்த இழப்பன்று என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து.

மெடிடேட்டா என்னும் மற்றொரு நிறுவனத்தில், தலைவரே எழுதியதுபோல் தோன்றுமாறு மின்னஞ்சல் முகவரியை மாற்றி அமைத்து, 47 லட்சம் டாலருக்கு மேல் 2014-இல் வஞ்சகர் பறித்தனர். இங்கும் பணத்தை அனுப்பியவர் நிறுவனத்தின் ஊழியரே. ஆயினும் 2018-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவனத்தின் மின்னஞ்சல் அமைப்பினுள் பொய்யான தகவல் புகுத்தப்பட்டது கணினி மோசடியே என்று கொண்டு, இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்த்தது. இரு நிறுவனங்களும் ஏமாந்தன. இரண்டிலும் பணம் ஊழியர் கையாலேயே போயிற்று. முடிவு வேறானதற்குக் காரணம், வஞ்சகம் நடந்த முறையும் அதனைப் பத்திரத்தின் சொற்களோடு நீதிமன்றம் பொருத்திய விதமுமே.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். தனிமனிதர்க்கான சைபர் காப்பீடு எவ்வாறு அமையலாம் என்பதற்கு வழிகாட்டும் ஆவணம் ஒன்றைக் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. நிதித் திருட்டு, அடையாளத் திருட்டு, போலிச் செய்தியால் ஏமாற்றிப் பறித்தல், போலி மின்னஞ்சல் ஆகியவை அதில் தனித்தனித் தலைப்புகளாகவே பேசப்படுகின்றன. பத்திரம் வாங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். நிதித் திருட்டுக்குக் காப்பு இருப்பதனால், ஏமாந்து நாமே அனுப்பிய பணத்துக்கும் காப்பு உண்டு என்று கொள்ளலாகாது. அத்தலைப்பு பத்திரத்தில் வேறாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும், மொத்தக் காப்புத் தொகை 5 லட்சமாயிருக்க, அத்தலைப்புக்கு மட்டும் அதில் ஒரு சிறு பங்கே உள்வரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். பெருலாபம் தருவதாகச் சொல்லும் போலி முதலீடுகளில் போட்ட பணம் விலக்கப்பட்டிருக்கலாம். வாங்கும் முன்பே முகவரிடம், “நானே ஏமாந்து அனுப்பினால் ஈடு உண்டா? உண்டெனில் எத்தனை ரூபாய் வரை? பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் அது உள்ளது?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். மொழி தெரியாத ஊரில், முகவர் நிரப்பிய தாளில் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுப்பது நம்மவரிடையே உள்ள பழக்கம். காப்பீட்டு ஒப்பந்தம் இரு தரப்பின் முழு வாய்மையையும் அடிப்படையாகக் கொண்டது. முன்பு நேர்ந்த மோசடி உண்டா என்ற கேள்விக்கு முகவர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், பின்னர் அப்பிழை நம் தலையிலேயே விழும்.

கடை வைத்திருப்போர்க்கு வேறொரு கையைப் பற்றியும் கவலை உண்டு. அது தம்மிடம் பணிபுரியும் கணக்கரின் கை. ஊழியர் செய்யும் கையாடலுக்கு, ஃபிடெலிட்டி கியாரண்டி எனப்படும் ஊழியர் நாணயக் காப்பீடு உண்டு. இதிலும் கல்லாவில் பணம் குறைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அக்குறைவு ஊழியரின் நேர்மையின்மையால் விளைந்தது என்பதைக் கணக்கேடுகளால் மெய்ப்பிக்க வேண்டும். பத்திரம் குறிக்கும் காலத்துக்குள் கண்டுபிடித்திருக்கவும் வேண்டும். ஒழுங்கான கணக்கு எழுதாத கடைக்கு இக்காப்பீடு பெரிதும் பயன்படாது.

மூன்றாவதாக, நம் பணத்தை வைத்திருக்கும் வங்கியினுள்ளேயே வஞ்சகம் நடப்பதுண்டு. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்க் வீழ்ந்தபின், 1962 சனவரி 1 முதல் நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல் அது ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் உட்பட, 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மும்பைவாழ் தமிழர் பலர் 2019 செப்டம்பரை மறந்திரார். பஞ்சாப் மகாராட்டிரக் கூட்டுறவு வங்கியில் மறைக்கப்பட்ட கடன்கள் வெளிப்பட்டபோது, முதலில் ஒருவர் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதவாறு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2022 சனவரியில் அவ்வங்கி வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது; 5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை பல ஆண்டுத் தவணைகளிலேயே திரும்பும் என்று வகுக்கப்பட்டது. இங்கும் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வைப்புத்தொகைக் காப்பீடு வங்கி முடங்கும்போது மட்டுமே துணை வரும். நலமாக நடக்கும் வங்கியில் உள்ள நம் கணக்கிலிருந்து வஞ்சகன் எடுத்த பணத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை.

அவ்வாறு எடுக்கப்பட்ட பணத்துக்கு முதலில் நாட வேண்டிய இடம் வங்கியே. 2017 சூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு முறையை வகுத்தது. குறை வங்கியினுடையதாயின் வாடிக்கையாளர்க்குப் பொறுப்பில்லை. குறை இருவரிடமும் இன்றி வேறிடத்தில் இருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், அப்போதும் பொறுப்பில்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்புவரை இழப்பை ஏற்க வேண்டும். இரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு வாடிக்கையாளருடையதாயின், தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவருடையது. தெரிவித்தபின் நேர்வது வங்கியினுடையது. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியின்மேல் வைக்கப்பட்டது. இத்தகைய விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், இன்றைய அளவுகளைத் தத்தம் வங்கியில் கேட்டறிதல் வேண்டும். அசாமில் ஒரு வாடிக்கையாளர் 94,204 ரூபாயை இழந்து, 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார். அத்தொகையை வங்கியே திருப்பித் தரவேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

இதிலிருந்து விளங்குவது யாது? வஞ்சகத்துக்குப் பின் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. ஏமாந்த வெட்கத்தால் வீட்டாரிடமும் சொல்லாமல் மூன்று நான்கு நாள் மறைத்துவைப்பவர், பெறக்கூடிய பணத்தையும் இழக்கிறார். நேர்மையாக உழைப்பவன் ஏமாறுவது இழிவன்று, ஏமாற்றுவதே இழிவு. ஆதலால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. வங்கிக்குத் தெரிவித்து, அதற்கு அத்தாட்சி எண் பெறுக. காப்பீடு இருப்பின் நிறுவனத்துக்கும் அன்றே எழுதுக. காவல் நிலையத்துக்குச் செல்லவும் அஞ்ச வேண்டா. குற்றம் எந்த ஊரில் நடந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்பதை, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நாகரிகப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கணக்கு மதுரையில், குடியிருப்பு சூரத்தில் என்று இருப்போர்க்கு இது பெருந்துணை.

தாமதமாக அறிவித்தீர் என்று கூறி நிறுவனம் மறுத்தால் உடனே மனம் தளர வேண்டா. வாகனத் திருட்டு வழக்கொன்றில் 2020-இல் உச்ச நீதிமன்றம், காவல்துறைக்கு உடனே தெரிவித்திருக்கும்போது, நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதம் ஒன்றையே காரணமாக்கி மெய்யான கோரிக்கையை மறுத்தல் ஆகாது என்றது. இவ்வாதத்தை நாம் எடுத்துக்காட்டலாம். ஆயினும் இதனை நம்பித் தாமதிப்பது அறிவுடைமை ஆகாது.

மறுப்புக் கடிதம் வந்தால் அதை மும்முறை படிக்க வேண்டும். பத்திரத்தின் எந்த விதியைக் காட்டி மறுத்தனர் என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவ்விதியின் சொற்கள் இருபொருள்பட நிற்பின், அது நமக்குச் சாதகம். ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்றும், ஐயம் எழுமிடத்துப் பத்திரத்தை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ளத்தகும் என்றும் 1966-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தெளிவான சொல் நிறுவனத்தைக் காக்கும். மயக்கமான சொல் பத்திரம் வாங்கியவரைக் காக்கும். வழக்கு வெல்லுமா என்பதை மதிப்பிட இதுவே நல்ல அளவுகோல்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுதுக. ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். மும்பை, புணே, அகமதாபாத், பெங்களூர், ஐதராபாத், தில்லி, கொல்கத்தா, போபால், குவாகாத்தி முதலிய நகரங்களில் இவர்களுக்கு அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. 2023-இல் வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். பத்திரத்தைத் தமிழகத்தில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் வட்டாரத்து அலுவலகத்திலேயே முறையிடலாம்.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீட்டாளர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்க உரிமை அளித்துள்ளது. முன்னர் நிறுவனத்தின் அலுவலகம் உள்ள ஊரைத் தேடி அலைந்து களைத்துக் கைவிட்டோர் பலர். இன்று அந்த அலைச்சல் இல்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. ஒரே வழக்கை ஆணையத்திலும் குறைதீர்ப்பாளரிடமும் ஒருங்கே நடத்த இயலாது என்பதையும் அறிக.

ஒன்று கூறி முடிப்போம். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, ஆபத்து வந்தபின் திறந்து படிப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதனை வெளியே எடுங்கள். உங்களுக்கு மொழி தடையாயின், பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ, தமிழ்ச் சங்கத்து அன்பர் ஒருவரையோ அருகில் அமர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கையால் போகும் பணத்துக்கு அது காவல், எந்தக் கையால் போவதற்கு அது காவலன்று என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். அத்தாளின் மேலே 1930 என்ற எண்ணையும், வங்கியின் எண்ணையும், பத்திரத்தின் எண்ணையும் பெரிதாகக் குறித்துவிடுங்கள். பதறும் வேளையில் வீட்டில் யார் கையில் கிடைத்தாலும் அது உதவும்.